மாமிக்குப் போன கார்ட்

எண்பதுகளில் நான் கல்முனையில் இங்கிலீஷ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தன் கல்யாணத்துக்காகச் சவூதியிலிருந்து லீவில் வந்த என் தம்பி, கார்டை இங்கிலீஷிலும் அடிக்க வேண்டும் என்று தானே எழுதிக்கொண்டு வந்தான். அழைப்பு என்று வரவேண்டிய இடத்தில் 'இன்வைட்' என்று இருந்தது. அது அழைக்கிற செயலைச் சொல்லும் வினை. அழைப்புக்கு 'இன்விடேஷன்' என்று ஒழுங்கான சொல் இருக்கிறது. சிவப்பு மையால் வெட்டினேன்.

"ராத்தா, அங்க இப்ப எல்லாரும் இப்பிடித்தான் எழுதுறாங்க."

"எழுதட்டும். நம்மட கார்டுல ஏலா."

எனக்குத் தெரியாமல் மாற்றிவிடுவான் என்று அச்சகத்துக்கு நானே இரண்டு தடவை போய் புரூஃப் பார்த்தேன். பிழையில்லாத கார்டுகள் தபாலில் போயின.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில், நிந்தவூரில் இருக்கும் வாப்பாவின் தங்கை வரப்போவதில்லை என்று சேதி வந்தது. பஸ் ஏறி ஓடினேன். அந்த மாமியின் அலுமாரிக்கு மேல் கார்ட் உறை பிரிக்காமல் கிடந்தது.

"கடதாசி வந்திச்சி மகள். நீங்க ஒருத்தரும் வரல்லியே," என்றார் மாமி.

எங்கள் ஊர்களில் கல்யாணத்துக்கு வீட்டுக்குப் போய் வாயால் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாததல்ல. ஒரு சொல்லோடு மல்லுக்கட்டியதில் மறந்துபோனேன். அந்த வாசலிலேயே நின்று சொன்னேன். மிச்ச மூன்று நாளும் வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

'இன்வைட்'டை இன்றைக்கும் வெட்டத்தான் செய்கிறேன். ஆனால் அதன்பிறகு எங்கள் வீட்டுக் கல்யாணம் எதற்கும் கார்ட் முந்திப் போனதில்லை. நான்தான் முந்திப் போவேன்.