சுருக்கிய வீடியோவில் ஒரு மூச்சு

உள்ளங்கை அளவுத் திரையில் அந்த வெள்ளைத் துணி மேலே எழும்பியது. பிறகு இறங்கியது. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. மறுபடி எழும்பியது. துணிக்குள் இருந்தவர் விடியற்காலையில் இறந்துபோனவர். டாக்டர் வந்து பார்த்துக் கடுதாசி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உடம்பு என்னுடைய கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அந்த வீடியோவை எடுத்ததும் நான்தான், சுருக்கி அனுப்பியதும் நான்தான். எட்டு வருஷம் ஆகிவிட்டது. அந்த எழும்பலும் இறங்கலும் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

நான் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவன். எட்டாவதோடு படிப்பு நின்றது. முதலியார்பேட்டையில் இருந்துகொண்டு மில் வேலைக்குப் போனேன். மில்லை மூடினார்கள். கையில் கிடைத்ததை வைத்து ஒரு பெட்டி வாங்கினேன், பிறகு இன்னொன்று. சாவு வீட்டில் பெட்டியை இறக்கி, உடம்பை வைத்து, மூடி, சுவிட்சைப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். அதுதான் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர், பாதி வீட்டுக்குப் பிரான்சில் ஆள் உண்டு. அங்கே இருப்பவர்கள் இறந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பார்கள். அழுகிறவர்கள் கையில் போனைக் கொடுத்தால் படம் ஆடும். என் கை ஆடாது. மில்லில் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்ட கை. அதனால் வீடியோ எடுப்பதும் என் வேலையோடு சேர்ந்துகொண்டது.

எடுப்பது சுலபம், அனுப்புவதுதான் பாடு. அப்போதெல்லாம் கொஞ்சம் நீளமாக எடுத்தாலே ஃபைல் பெரிசு என்று போகாது. சுற்றிச்சுற்றி நின்றுவிடும். கடலூர் ரோட்டில் செல் கடை வைத்திருக்கும் பெண்தான் என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்து, எப்படிச் சுருக்குவது என்று காட்டினாள். ஒரு கோடு இருக்கும். அதில் இருக்கும் புள்ளியைக் கீழே இழுக்க இழுக்க எம்.பி. குறையும். நான் கடைக்குள் நுழைந்தால் அவள் சத்தம் போடுவாள். "எல்லாம் எழுந்து நில்லுங்க. பெட்டிக்காரண்ணன் வந்திருக்காரு. உக்காந்திருந்தா படுக்க வெச்சிருவாரு." ஒன்று மட்டும் கண்டித்துச் சொல்லியிருந்தாள். "ரொம்பக் கீழ இழுத்துடாதண்ணே. மூஞ்சி கட்டம் கட்டமா ஒடஞ்சிடும். பெரிசா இருந்தா துண்டு துண்டா வெட்டி அனுப்பு."

இறந்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படி இருந்தவர்களை ஊரில் சொல்தா என்போம். அவர் பேர்கூடத் தெருவில் பலருக்குத் தெரியாது, சொல்தாதான். ஒன்பது வருஷம் பக்கவாதத்தில் படுத்திருந்தார். மகன் பிரான்சில். பார்த்துக்கொண்டதெல்லாம் மூத்த மகள். புருஷன் இல்லாதவர், ஐம்பது வயது இருக்கும். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பார். கல்யாணம், காரியம் எங்கே போனாலும் இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுவார். "எனக்குக் கடிகாரமே எங்கப்பா முதுகுதாண்ணே" என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் பெட்டியோடு போனபோது காலை எட்டு மணி. மகனுக்குத் தகவல் போயிருந்தது. லீவு கிடைக்காது, காத்திருக்க வேண்டாம், நாலு மணிக்கு எடுத்துவிடுங்கள், பங்காளி யாராவது கொள்ளி வைக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கேட்டது ஒன்றே ஒன்று. அப்பா முகத்தை நீளமாக, ஆடாமல் எடுத்து அனுப்ப வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஸ்டூல் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஆறு நிமிஷம் எடுத்தேன். கண்ணாடிக்குள் முகமும் மார்பும் மட்டும். ஈகூட அசையவில்லை. அனுப்பினால் போகவில்லை. வெட்டித் துண்டு துண்டாக அனுப்பியிருக்கலாம். வாசலில் மேளம் வந்துவிட்டது, மாலைகளை ஒழுங்குபடுத்தக் கூப்பிட்டார்கள். புள்ளியைக் கடைசிவரைக்கும் கீழே இழுத்தேன். குடும்பக் குரூப்பில் போய்விட்டது. மணி பன்னிரண்டு இருக்கும்.

இரண்டரை மணிக்குப் பிரான்சிலிருந்து போன். மகள்தான் எடுத்தார். கூட்டத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டார். மகன் குரல் அழவில்லை. மெதுவாக, பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி பேசியது.

"அக்கா, அப்பா மூச்சு விடறாரு."

"என்னாடா சொல்ற?"

"வீடியோவைப் பாரு. இருவது தடவ பாத்துட்டேன். மூச்சு விடறாருக்கா. எடுக்காதீங்க."

மேளம் நின்றது. யார் கையைக் காட்டினார்கள் என்று தெரியவில்லை. பந்தலில் இருந்த எல்லோரும் போனை எடுத்தார்கள். ஐம்பது அறுபது தலைகள் குனிந்திருந்தன. நானும் என் போனைப் பார்த்தேன். அப்போதுதான் அதைக் கண்டேன். துணி எழும்பியது, இறங்கியது. கண்ணாடிப் பெட்டிக்குள் திரும்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திரையைப் பார்த்தேன். எழும்பியது. ஒரு பெரியவர் தன் வாட்சைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார். "நிமிஷத்துக்குப் பன்னண்டு. தூங்கற ஆளுக்குச் சரியா இருக்குது" என்றார். பெண்கள் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். நல்ல வெயில். அந்த வெளிச்சத்தில் திரையைக் கையால் மறைத்து மறுபடி பார்த்தேன்.

சுவிட்சை அணைத்து மூடியைத் திறந்தேன். மகள் குனிந்து அப்பாவின் வாயருகே கன்னத்தை வைத்தார். அப்படியே வெகுநேரம் இருந்தார். நிமிர்ந்து, இல்லை என்று தலையாட்டினார். டாக்டரை மறுபடி கூட்டி வந்தார்கள். அவருக்குக் கோபம். "காலையிலேயே பாத்துச் சொல்லிட்டேன். ஆறு மணி நேரமா ஐஸ்ல வேற வெச்சிருக்கீங்க. இப்ப என்னா சந்தேகம்?" என்று போய்விட்டார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையை மட்டும் கூட்டம் பிடித்துக்கொண்டது. பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. "ஐஸ்ல வெச்சா உசுரோட இருக்கறவன் யாருதான் தாங்குவான்?" இன்னொரு குரல், "ஒம்போது வருஷம் பாத்தவளுக்குச் சலிப்பு வராதா?" சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் காதில் விழுகிற அளவுக்குச் சொன்னார்கள்.

போனில் மகன் சொன்னார், டிக்கெட் போட்டுவிட்டேன், நாளை மறுநாள் காலையில் வந்துவிடுவேன். "அதுவரைக்கும் ஐஸை நிறுத்துங்க. வெளிய எடுத்துக் கட்டில்ல போடுங்க. என்னா கேக்குதா?" சித்திரை மாதம். பெட்டி இல்லாமல் வைத்தால் மறுநாள் காலைக்குள் என்ன ஆகும் என்று அங்கே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். சுவிட்சில் கையை வைத்தபடி நின்றேன். பெட்டி என்னுடையது, முடிவு என்னுடையது இல்லை. எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். பெட்டியை ஓட்டச் சொன்னால் பழி அவர் தலையில், நிறுத்தி வைத்தால் அப்பா அழுகிப்போவார். போனில் அந்தக் குரல் அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவர் போனை அணைத்தார்.

"சுவிட்சப் போடுங்கண்ணே" என்றார். போட்டேன்.

அன்று சாயங்காலம் செல் கடைக்குப் போனேன். அந்தப் பெண் வீடியோவைப் பார்த்தாள். முதலில் அவளும் போனைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு கவுண்டர் மேல் இருந்த ஹெல்மெட்டைத் தன் போனில் ஒரு நிமிஷம் எடுத்தாள். புள்ளியைக் கடைசிவரை இழுத்துச் சுருக்கிக் காட்டினாள். ஹெல்மெட் மெதுவாக உப்பியது, வாடியது, மறுபடி உப்பியது. அசையாத பொருளை ரொம்பச் சுருக்கினால் படம் மெல்ல மெல்லக் குழம்பிப் போகுமாம், சில நொடிக்கு ஒருமுறை தெளிவாகுமாம், அதுதான் மூச்சு மாதிரி தெரிகிறது என்றாள். "ஒன் கை கொஞ்சம் ஆடியிருந்தாக்கூட இது தெரிஞ்சிருக்காதண்ணே. நீ ஏன் அவ்ளோ கெட்டியாப் புடிச்ச?"

மகன் வந்தார். பெட்டியைத் திறக்கச் சொல்லி மார்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு நாள் ஐஸில் இருந்த உடம்பு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. காரியம் முறையாக நடந்தது. அக்காவிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதே வீட்டில் பதினாறு நாள் இருந்துகொண்டு பேசவில்லை. என்னால்தானே என்று பதினாறாம் நாள் போனேன். மகனைத் தனியாக உட்கார வைத்து விளக்கினேன். எனக்கு விளக்கத் தெரியாது, அதனால் காலிப் பெட்டி ஒன்றை எடுத்துச் சுருக்கிய வீடியோவைக் காட்டினேன். அதே கண்ணாடி, அதே துணி, உள்ளே ஆள் இல்லை. துணி எழும்பி இறங்கியது. அதைத்தான் காட்டியிருக்கக் கூடாது. அவர் முகம் வெளுத்துப் போயிற்று.

"இந்தப் பெட்டியில இதுக்கு முன்ன எத்தன பேரு இருந்தாங்கண்ணே?" என்றார்.

அவசரமாக ஹெல்மெட் வீடியோவைக் காட்டினேன். அதைப் பலமுறை பார்த்தார். அவர் அங்கே பிரான்சில் ரயில் பட்டறையில் வேலை பார்க்கிறவர், மெஷின் விஷயம் புரியும். "புரியுது. எல்லாம் புரியுதுண்ணே. ஆனா கண்ணு பாத்திருச்சே" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார். "நீங்க மூடறதுக்கு முன்ன அவரு மூக்குல கை வெச்சுப் பாத்தீங்களா?"

நான் அதுவரைக்கும் யார் மூக்கிலும் கை வைத்துப் பார்த்ததில்லை. டாக்டர் சொன்னால் முடிந்தது. இத்தனை வருஷம், இத்தனை பேர், ஒருவரையும் பார்த்ததில்லை. அதை அந்த நொடியில்தான் நானே நினைத்தேன். கதவருகே காப்பித் தம்ளர்களோடு அவர் அக்கா நின்றிருந்தார்.

"பாத்தேன். நல்லாப் பாத்துட்டுதான் மூடுனேன்" என்றேன்.

மகன் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. பிறகு எழுந்து போய் அக்கா கையிலிருந்த தம்ளரை வாங்கிக்கொண்டார். "நீ குடிச்சியாக்கா?" என்று கேட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பொய்க்காக நான் வருத்தப்பட்டதில்லை. ஆனால் மகன் இறக்கி வைத்த பாரம் எங்கேயாவது போய்த்தானே இருக்க வேண்டும். அது என்னிடம் இருக்கிறது. பெட்டியின் மோட்டார் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டால் இப்போதும் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன்.

இப்போது போன்கள் மாறிவிட்டன. எவ்வளவு நீளமாக எடுத்தாலும் முழுசாகவே போகிறது. சுருக்குகிற வேலை இல்லை. எல்லோரும் தெளிவாக, அசையாமல் கிடக்கிறார்கள். நான்தான் மாறிப்போனேன். மூடுவதற்கு முன் புறங்கையை மூக்கருகே வைத்து நூறு எண்ணுகிறேன். பார்க்கிறவர்கள் அதையும் ஒரு சடங்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். சில வீடுகளில் எண்ணி முடிக்கும்வரை அழுகையை நிறுத்திக்கொள்கிறார்கள்.

போன மாதம் அதே தெருவில் ஒரு சாவு. சொல்தாவின் மகளும் வந்திருந்தார். நரைத்துவிட்டார். தம்பி வருஷத்துக்கு ஒருமுறை வருகிறாராம். நான் கை வைத்து எண்ணியதைப் பெண்களோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியருகே வந்தார்.

"இந்தப் பழக்கம் எப்பலேந்துண்ணே?"

"உங்கப்பாவுக்கு அப்புறம்தாம்மா."

அவர் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தபடி சொன்னார். "எங்கப்பாவ நான் பாத்தேண்ணே. நீங்க மூடறப்பப் பக்கத்துலயே நின்னு, கை வெச்சுப் பாத்தேன். நல்லாப் பாத்தேன்."

அன்று காலை நான் மூடியபோது அந்த அம்மா பெட்டியருகிலேயே இல்லை. உள்ளே பீரோவைத் திறக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். சாவி திரும்ப மாட்டேங்குது, யாராவது வாங்களேன் என்று அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் மூடியை இறக்கினேன்.

"சரிம்மா" என்றேன்.