ஜெயகரின் பழைய சட்டை

டிரில் மாஸ்டர் என்றால் விசில் ஊதுகிறவன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி நாள் அவன் புண்ணுக்கு டிங்க்சர் தடவிக்கொண்டிருக்கிறான்.

நான் பட்டாளத்தை விட்டு வந்தவன். சுதந்திரம் வந்த கொஞ்ச நாளில் பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். ஓட்டுக் கட்டடம், முன்னால் மைதானம், மூலையில் ஒரு தண்ணீர்க் குழாய். முதலுதவிப் பெட்டி என் மேஜையில் இருந்ததால் யாருக்கு எங்கே அடிபட்டாலும் என்னிடம்தான் வருவான். நீங்களும் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்கியவர் என்றால், இதைப் படிக்கும்போது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். பார்த்திருப்பீர்கள். எல்லோரும்தான் பார்த்தோம்.

இல்லாத படிக்கட்டு

முனுசாமி ஏழாம் வகுப்பு. தொம்மலூரிலிருந்து நடந்து வருவான். அப்பா இல்லை. அம்மா வீட்டு வேலை செய்து படிக்க வைத்தாள். வயசுக்கு ஏற்ற வளர்த்தி இல்லை. வரிசையில் கடைசியில் நிற்பான். ஆனால் போட்டிருக்கிற சட்டை மட்டும் நல்ல துணி. தோள் முழங்கைக்கு வரும், அவ்வளவு பெரிசு.

முதலில் அடிபட்ட முட்டியோடு வந்தான். அப்புறம் உதட்டோடு. அப்புறம் காதோடு. ஒவ்வொரு தடவையும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் படிக்கட்டில் விழுந்தேன் என்றான். எங்கள் பள்ளிக்கூடத்தில் மாடியே கிடையாது. வாசலில் ஒரே ஒரு கல், அதுவும் பாதி மண்ணுக்குள்.

அவன் வகுப்பு வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். கணக்கு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "விழாம நடக்கக் கத்துக் குடுங்க மாஸ்டர், அது உங்க பாடம்தானே" என்றார்.

வண்ணான் குறி

ஒரு நாள் மத்தியான இடைவேளையில் குழாய்ப் பக்கம் போனேன். நாலைந்து பையன்கள் வட்டம் கட்டி நின்றார்கள். நடுவில் முனுசாமி சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். கழற்றி, கையை உள்ளே மடித்து, காலரை நேராக்கி, இஸ்திரிக்காரன் கொடுப்பது மாதிரி ஒருவனிடம் நீட்டினான். அவன் அதைக் குழாயடிச் சேற்றில் போட்டு மிதித்தான். பிறகு, போட்டுக்கோ என்றான். முனுசாமி எடுத்துப் பிழிந்து போட்டுக்கொண்டான். அழவில்லை. தினமும் நடக்கிற காரியத்துக்கு யார் அழுவார்கள்?

மிதித்தவன் ஜெயகர். அதே வகுப்பு, ஒரு வருஷம் பெயில், அதனால் மற்றவர்களை விட ஒரு தலை உயரம். அப்பா பள்ளிக்கூடக் கமிட்டி மெம்பர். காதைப் பிடித்தேன். பயந்த மாதிரியே தெரியவில்லை. முனுசாமியின் அம்மா தன் வீட்டில்தான் வேலை செய்கிறாள், தனக்குச் சின்னதாய்ப் போன சட்டையெல்லாம் இவனுக்குத்தான் வருகிறது என்று விவரம் சொன்னான். சொல்லிவிட்டு, "அது என் சட்டைதான் மாஸ்டர், நம்பலைன்னா காலர்ல வண்ணான் குறி பாருங்க" என்றான்.

பார்த்தேன். இவன் காலரிலும் அவன் காலரிலும் ஒரே குறி.

மன்னிப்பு

ஜெயகரை ஹெட்மாஸ்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர். அதுதான் தொந்தரவு. பிரம்பு அவருக்குப் பிடிக்காது. கமிட்டி மெம்பர் பையன் என்றால் இன்னும் பிடிக்காது. அவரிடம் ஒரு முறை இருந்தது. சண்டை போட்ட இரண்டு பேரையும் காலைப் பிரார்த்தனையில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கை குலுக்கச் சொல்வார். குலுக்கிவிட்டால் வழக்கு தீர்ந்தது. இங்கே சண்டை ஒன்றும் நடக்கவில்லை, ஒருத்தன் அடிக்கிறான், ஒருத்தன் அடிபடுகிறான் என்றேன். இரண்டு கை தட்டினால்தானே மாஸ்டர் என்று ஆரம்பித்தார். வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் கை குலுக்கினார்கள். ஜெயகர் சிரித்த முகமாக முனுசாமியின் விரல்களைப் பிடித்தான். விடவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு அவன் மணிக்கட்டு நரம்பு புடைப்பது தெரிந்தது. போய் விலக்கிவிட்டேன். பையன் விரல் நாலும் வெளுத்துப் போயிருந்தது. ஹெட்மாஸ்டர் மேடையிலிருந்து இறங்கி என் தோளில் கை வைத்தார்.

"பாத்தீங்களா மாஸ்டர், பையனுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, மன்னிப்புன்னா இதுதான்."

மானிட்டர்

அதோடு விட்டிருக்கலாம். பொறுப்புக் கொடுத்தால் போக்கிரி திருந்துவான் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. நீங்களும் யாராவது ஒரு போக்கிரிக்குச் சாக்பீஸ் கொடுத்திருப்பீர்கள். ஜெயகரை வகுப்பு மானிட்டர் ஆக்கினார்கள். வாத்தியார் இல்லாத நேரம் பேசுகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுத வேண்டும். வாத்தியார் வந்ததும் எழுதியிருக்கிற பெயருக்கு அடி விழும். விசாரணை கிடையாது.

முனுசாமி பெயர் அநேகமாகத் தினமும் இருந்தது. அவன் வகுப்பில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. உள்ளங்கை வீங்கி என்னிடம் வந்தான். இந்தத் தடவை படிக்கட்டு என்று சொல்லவில்லை. அடித்தது வாத்தியார் என்பதால் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறான். மைதானத்தில் ஜெயகரை நிறுத்திக் கேட்டேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னான். "நான் இப்ப கையே வைக்கறதில்லை மாஸ்டர், சார்தான் அடிக்கறாரு."

கன்னியம்மா

முனுசாமியின் அம்மா பெயர் கன்னியம்மா. ஒரு நாள் பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே காத்திருந்தாள். புகார் கொடுக்க வந்திருக்கிறாள், நல்லது, ஹெட்மாஸ்டரிடம் நானே அழைத்துப் போகிறேன் என்று நினைத்தேன். வந்தது என்மேல் புகார் கொடுக்க. நான் ஜெயகர் காதைப் பிடித்தது வீடு வரை போயிருக்கிறது. எஜமானியம்மா கேட்டாளாம், உன் பிள்ளை என்ன சொல்லி வைத்தான் என்று.

முனுசாமி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்ய வேண்டும். புதிதாக வருகிற ஃபாக்டரி ஒன்றில் வேலை. நிரந்தர வேலை, கேன்டீன், பஸ். அவள் நினைப்பு பூராவும் அதில்தான் இருந்தது. இந்தப் பள்ளிக்கூடத்தில் சம்பளம் கட்டாமல் படிக்க இடம் வாங்கிக் கொடுத்ததே ஜெயகரின் அப்பாதான். பையன் உடம்பில் இருக்கிறதெல்லாம் பார்த்தாயா என்று கேட்டேன். குளிப்பாட்டுகிறவளுக்குத் தெரியாதா?

"அடி ஆறிடும் மாஸ்டரு. அவங்க வீட்டு வேலை போச்சுன்னா இஸ்கூலும் பூடும். நீங்க இன்னா பாத்தாலும் பாக்காத மேரி இருந்துடுங்க."

உச்சி

ஆண்டு விழா வந்தது. டிரில் காட்சியில் கடைசி அயிட்டம் பிரமிட். கீழே நாலு பெரிய பையன்கள் கைகோத்து நிற்பார்கள். அவர்கள் தோளில் இரண்டு பேர். உச்சியில் ஒரு சின்னப் பையன், கையில் தேசியக் கொடி. வகுப்பிலேயே எடை குறைந்தவன் முனுசாமி. உயரமானவன் ஜெயகர். இரண்டு பேரும் ஒரே பிரமிட்டில் வேண்டாம் என்று ஜெயகரை எடுத்துவிட்டேன். ஹெட்மாஸ்டர் திரும்பச் சேர்த்தார். ஒற்றுமைக்கு இதைவிட நல்ல காட்சி உண்டா என்று கேட்டார். கமிட்டி மெம்பர் விழாவுக்கு வருகிறார் என்பதையும் கூடச் சொன்னார். சரி, வைக்கோல் அடைத்த கோணிகளைச் சுற்றிலும் போட்டுத்தான் ஏற்றுவேன், நான் பக்கத்தில் இல்லாமல் ஏற்றக் கூடாது என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டார்.

ஒத்திகையில் முனுசாமி அணில் மாதிரி ஏறினான். உச்சியில் நேராக நின்றான். அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். இறங்க விசில் கொடுத்தேன். இறங்கவில்லை. மறுபடி ஊதினேன். கீழே இருந்தவர்களுக்குத் தோள் வலித்துக் கத்த ஆரம்பித்தார்கள். என்னடா, காது கேட்கவில்லையா என்று நான் போட்ட சத்தத்துக்குக் குனிந்து பார்த்தான்.

"இன்னும் கொஞ்ச நேரம் மாஸ்டர். இங்க யாரும் வரமாட்டாங்க."

போட்டோ

விழாவில் பிரமிட் நன்றாக நின்றது. கொடி ஆடியது. கை தட்டினார்கள். இறங்கினார்கள். நான் மூச்சு விட்டேன்.

விழா முடிந்து சீஃப் கெஸ்ட் கிளம்பினார். பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு கார் வரைக்கும் என்னை வரச் சொன்னார்கள். போனேன். கேட்டில் நின்று சல்யூட் அடித்துக்கொண்டிருக்கும்போது மைதானத்தில் சத்தம் கேட்டது. நடந்ததைப் பையன்கள் பிறகு சொன்னார்கள். போட்டோகிராபர் முதல் தடவை படம் எடுக்கத் தவறிவிட்டான். ஹெட்மாஸ்டர், வெளிச்சம் போவதற்குள் இன்னொரு தடவை ஏறுங்கள் என்றிருக்கிறார். படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று கோணிகளை ஓரமாக இழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார். முனுசாமி ஏறிக் கொடியைத் தூக்கினான். அன்றைக்கு எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை. அவனுடையது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழேயிருந்து ஜெயகர், சட்டையைக் கழட்டு என்றானாம். மேலே இருந்தவன் கேட்காத மாதிரி நின்றானாம். அதுதான் பொறுக்கவில்லை. தோளை ஒரு உலுக்கு உலுக்கினான்.

ஒரு கையில் கொடி. அதை விடாமல் இன்னொரு கையை ஊன்றி விழுந்திருக்கிறான். முழங்கை எலும்பு தோலுக்கு வெளியே தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஜட்கா வண்டியில் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஹெட்மாஸ்டரும் ஏறிக்கொண்டார். கெட்டவர் இல்லை என்று முன்னமே சொன்னேன். வழி பூராவும் வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தவர், பெரிய ஆஸ்பத்திரி வாசலில் வாயைத் திறந்தார்.

"நல்லவேளை மாஸ்டர், சீஃப் கெஸ்ட் போனப்புறம் விழுந்தான்."

விசாரணை

கமிட்டி கூடியது. ஜெயகரின் அப்பாவும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். உலுக்கியதைப் பார்த்த பையன்களைக் கூப்பிடுங்கள் என்றேன். சின்னப் பிள்ளைகளை இதில் இழுக்க வேண்டாம் என்றார்கள். சட்டை விஷயம், கரும்பலகை விஷயம் எல்லாம் சொன்னேன். டீ வந்தது. குடித்தார்கள். இனிமேல் எந்த விழாவிலும் பிரமிட் கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள். ஜெயகர் மானிட்டராகவே இருந்தான்.

அவ்வளவுதானா என்று கேட்டேன். ஜெயகரின் அப்பா என்னைப் பார்த்து அலுத்துக்கொண்டார். "பிரமிட்டாலதானே விழுந்தான்? பிரமிட்டை நிறுத்தியாச்சு. இன்னும் என்னதான் வேணும் உமக்கு?"

சிநேகிதன்

எலும்பு கோணலாகச் சேர்ந்தது. கை நீட்ட வரவில்லை. முனுசாமி எங்களிடம் திரும்பி வரவில்லை, வேறு பள்ளிக்கூடத்தில் எப்படியோ எஸ்.எஸ்.எல்.சி. முடித்தான். ஃபாக்டரியில் எழுத்துப் பரீட்சை பாஸ். டாக்டர் கையை நீட்டச் சொன்னார். அதோடு சரி. கன்னியம்மா அதே வீட்டில் வேலையைத் தொடர்ந்தாள்.

வருஷங்கள் போய் ஜெயகரைக் காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் பார்த்தேன். ஸ்கூட்டர், தொப்பை. நடுத்தெருவில் காலைத் தொட்டான். அந்த நாளில் நீங்கள் கொடுத்த டிசிப்ளின்தான் என்னை ஆளாக்கியது என்றான். முனுசாமி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். முகம் மலர்ந்துபோயிற்று. நடிப்பு இல்லை, நிஜமாகவே மலர்ந்தது.

"மறப்பேனா மாஸ்டர், என் குளோஸ் ஃபிரண்ட் ஆச்சே. அவனுக்குச் சட்டையே நாங்கதான் குடுப்போம்."

கேட்டில்

முனுசாமியையும் பார்த்தேன். அல்சூர்ப் பக்கம் ஒரு சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். அந்த வேலைக்குக் கை நீள வேண்டியதில்லை. என்னைக் காசில்லாமல் உள்ளே விடப் பார்த்தான். திட்டிவிட்டு டிக்கெட் வாங்கினேன். இடைவேளையில் சோடா வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். பழையதை அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரு மகன், அந்த வருஷம்தான் ஒண்ணாங்கிளாஸ் என்றான். பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டுவிட்டேன். சோடாவை என் கையில் கொடுத்தான்.

"அனுப்பத்தானே வேணும் மாஸ்டர். சட்டை மட்டும் யார் குடுத்தாலும் வாங்கறதில்லை, புதுசா தச்சுடறேன்."

ஐந்நூறு பையன்களை ஒரு விசிலில் நேராக நிற்க வைத்திருக்கிறேன். ஒரு பையன் பக்கம் நாலு பெரியவர்களை நிற்க வைக்கிற விசிலை எந்தக் கடையிலும் விற்கவில்லை.