எரிசாராயத்தில் ஒரு கார்

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. என் காருக்கு ஃபேன் பெல்ட் மாற்றிவிட்டு, பட்டறைக்காரர் லூர்து மேரி தன்னுடைய பழைய காரின் பானெட்டைத் திறக்கிறார். அதைப் பெட்ரோல் இல்லாமல் எரிசாராயத்தில் ஓட்டப்போகிறாராம். சாராயம் வாங்கிய அனுமதிச் சீட்டைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

"பெட்ரோலைவிட இது அதிகமா வேணும் சார். அதான் பெரிய இன்ஜெக்டரா போட்டுட்டேன். சாராயம் அரிச்சிடும்னு ரப்பர் ஹோஸெல்லாம் மாத்தியாச்சு."

"ஓடுமா?"

"ஓடாதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. காருக்கும் ஊத்திக் குடுக்கிறியான்னு என் தம்பியே சிரிக்கிறான். ஏறுங்க, சிக்னல் வரைக்கும் போய்த் திரும்பிடலாம்."

ஆறிய இன்ஜின் சாராயத்தில் பிடிக்காது என்று முதலில் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சுகிறார். இன்ஜின் இருமி, உறுமி, ஓடத் தொடங்குகிறது.

சிக்னலில் நின்றுவிடுகிறது. பின்னால் ஒரே ஹாரன். ஸ்கூட்டர்காரர் ஒருவர் மூக்கைச் சுளித்து, "வண்டிக்குப் போதை ஏறிடுச்சாக்கா?" என்கிறார். எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருக்கிறது.

லூர்து மேரி இறங்குகிறார். பானெட்டைத் தூக்கி, பெட்ரோலைப் பீய்ச்சி, கையைத் துடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறார். இன்ஜின் பிடிக்கிறது.

"திரும்பிடலாமா?" என்கிறேன்.

"எதுக்கு சார்? டேங்க் நிறைய இருக்கு."

கார் கடலூர் சாலையைப் பிடித்து வேகமெடுக்கிறது.