அம்மாவின் வலது காலுக்கு ஏன் சுடவில்லை?

போன மாதம் நான் போட்ட ஒரு போஸ்ட்டை இன்று டிலீட் செய்துவிட்டேன்!

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவில் அம்மா தீ மிதித்த போட்டோ அது. வலது காலுக்குச் சூடே தெரியவில்லை, அம்மன் அருள் என்று எழுதியிருந்தேன். நீங்களும் வரிசையாக வந்து 'ஓம் சக்தி' போட்டீர்கள். (நானும் ஒவ்வொன்றுக்கும் ஹார்ட் போட்டேன்!)

மன்னித்துக்கொள்ளுங்கள். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு வருத்தத்துக்கு, ஒரு நோய்க்கு, லைக் போட்டிருக்கிறோம்!

அம்மா நமுனுகுலப் பக்கம் கொழுந்து பறிக்கிறார். நாலைந்து மாதமாக இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். கூடையோடு மலை ஏறினால் அந்தக் கால் மடங்கிவிடும். தேய்க்காத தைலம் இல்லை. கடைசியில், கால் சரியாக வேண்டும் என்று தீ மிதிக்க நேர்ந்துகொண்டார்.

மிதித்தார். இடது பாதம் சுரீர் என்றதாம். வலது பாதத்துக்கு ஒன்றுமே தெரியவில்லை. மறுநாள் பார்த்தால் அந்த வலது பாதத்தில்தான் கொப்புளம்! வலியை அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று எங்கள் லயத்து வீட்டு வரிசையே சொன்னது. நானும் நம்பினேன்.

இடது கால் மட்டும் சரியாகவே இல்லை. போன மாதக் கடைசியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

பஸ்ஸிலேயே அம்மா சொல்லிவிட்டார்.

"இடது கால மட்டும் காட்டுவோம். தீ மிதிச்சத சொல்லாத. டொக்டர் ஏசுவாங்க."

நானும் தலையாட்டினேன். (டவுனில் ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அறிவு இவ்வளவுதான்!)

டொக்டர் பக்கத்து ஊரான ஹாலிஎலப் பிள்ளை. இடது காலைத் தூக்கச் சொன்னார், முழங்காலில் தட்டிப் பார்த்தார்.

"மத்த காலையும் காட்டுங்கம்மா."

"அது நல்ல காலுங்க."

"நல்ல கால்னா காட்டுறதுக்கு என்ன?"

சாக்ஸைக் கழற்றினால் மஞ்சள் பூசிய புண்!

"இது எப்படி ஆச்சு?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"தீ மிதிச்சேங்க. அம்மன் புண்ணியத்துல சூடே தெரியலங்க."

டொக்டர் ஏசவில்லை. முகம்தான் மாறியது. ஓர் ஊசியை எடுத்து வலது பாதத்திலிருந்து மெல்லக் குத்திக்கொண்டே மேலே வந்தார்.

"குத்துதா?"

"இல்லீங்க."

முழங்கால்? இல்லை. தொடை? இல்லை. தொப்புளுக்கு மேலே வந்த பிறகுதான் "ஆ!" என்றார்.

ஊசி குத்தினாலும் தெரியாத காலோடு இந்த மனுசி மலை ஏறி இறங்கியிருக்கிறார்!

"கோளாறு கால்ல இல்லம்மா, முதுகுத்தண்டுல," என்றார் டொக்டர். "இடது கால நடக்க வைக்கிற நரம்பு தண்டோட இடது பக்கமா கீழ வருது. வலது கால்ல சூடு, வலி தெரியுற நரம்பு தண்டுக்குள்ள பக்கம் மாறி, அதே இடது பக்கமா மேல போகுது. ரெண்டும் ஒண்ணா கெட்டிருக்குன்னா, அந்தப் பக்கம் ஏதோ அமுக்குது."

அம்மாவின் முதுகில் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

"ஏறக்குறைய இந்த மட்டத்துல இருக்கும்."

ஸ்கேன் எடுக்கும் முன்பே! கையில் ஓர் ஊசியும் ஒரு பேனாவும்தான்!

இரண்டு நாளில் ஸ்கேன் வந்தது. அதே மட்டம், அதே இடது பக்கம். கச்சான் கொட்டை, அதாவது நிலக்கடலை அளவில் ஒரு கட்டி! இன்னும் சில மாதம் விட்டிருந்தால் இரண்டு காலும் போயிருக்கும் என்றார்கள். அந்தப் புண்ணை மறைத்திருந்தால் இன்னொரு தைலப் போத்தலோடு வீட்டுக்கு வந்திருப்போம். ஏசுவார்கள் என்று டொக்டரிடம் நீங்களும் எதையாவது மறைத்ததுண்டா?

ஒபரேஷனுக்கு முன் அம்மா டொக்டரிடம் ஒன்றுதான் கேட்டார்.

"திரும்ப மலைக்குப் போவேனுங்களா?"

"முயற்சி பண்ணுவோம்மா. சத்தியம் பண்ண ஏலாது."

ஒபரேஷன் முடிந்து இன்று ஐந்தாம் நாள். இடது கால் விரல்கள் லேசாக அசைகின்றன. வலது பாதத்தைப் பற்றி யாரும் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை.

காலையில் ப்ளாஸ்கிலிருந்து சுடச்சுட ப்ளேன்டீ ஊற்றும்போது கை தவறி அம்மாவின் வலது பாதத்தில் கொட்டிவிட்டேன்.

"எரும மாட்டுப் பயலே! சுடுதுடா!"

வார்டே திரும்பிப் பார்த்தது. நான் ப்ளாஸ்கைப் பிடித்தபடி நின்று அழுதேன். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, தன் பாட்டுக்குத் திட்டிக்கொண்டே இருந்தார்.

திட்டட்டும்!