பிரேக் இல்லாத பக்கத்துக் கம்பளம்

அந்தச் சிவப்புக் காரைப் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வந்ததும், குண்டூசி அதன் கதவைத் திறந்து, உள்ளே தலையை விட்டு, தரையை முகர்ந்து பார்த்தாள்.

"முப்பது வருஷ ஈரம்க்கா," என்றாள், வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்த அக்காவிடம். ஏதோ மல்லிகைப் பூவை முகர்ந்தவள் மாதிரி முகம் மலர்ந்திருந்தது.

குண்டூசி என்பது பட்டறைக்காரர்கள் வைத்த பெயர். அவள் வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். அவற்றைக் கடித்துக்கொண்டே பேசுவாள், சிரிப்பாள், சண்டையும் போடுவாள். இத்தனை வருடத்தில் ஒன்றைக்கூடக் கீழே விட்டதில்லை என்பதில் அவளுடைய அக்காவுக்கு ஏகப் பெருமை.

அக்கா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். சட்டைத் தொழிற்சாலையில் நூல் பிசிறு வெட்டும் வேலை. தங்கை பதினேழு வயதில் சோபா கடைக்குப் பஞ்சு அடைக்கப் போனாள். பிறகு தியேட்டர் நாற்காலி, பஸ் சீட்டு, ஒரு முறை பல் டாக்டரின் சாய்வு நாற்காலி. அவள் தைத்த உறையில் சாய்ந்த நோயாளிகள் வாயைத் திறந்தபடியே தூங்கிப்போனார்களாம். அதில் சொக்கிப்போன டாக்டர், கல்யாணமான வருடம் வாங்கிய தன் இரண்டு சீட்டுப் பந்தயக் காரையும் அவளிடமே ஒப்படைத்துவிட்டார். உள்ளே இருக்கும் கம்பளத்தை மாற்ற வேண்டும். வியாழக்கிழமை நாலு மணிக்கு அவரும் மனைவியும் முப்பதாவது கல்யாண நாளுக்கு அதில் ஊர்சுற்றப் போக வேண்டும்.

பட்டறையின் மேஸ்திரி கறாராகச் சொன்னார். "இதை ஒழுங்கா முடிச்சுக் குடு, பின்னாடி ஷெட்டு உனக்கு. கார் உள்வேலை பூரா நீயே பாத்துக்கோ. சொதப்பினே, பழையபடி ஸ்டூலுக்கு உறை தைக்கப் போயிடணும்."

அன்று மாலையே அக்கா, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி தொடங்கி மாடிவீட்டுக்காரர் வரை எல்லோரிடமும், தங்கைக்குச் சொந்தமாக ஷெட் கிடைத்துவிட்டதாகச் சொல்லி முடித்திருந்தாள்.

வியாழக்கிழமை அக்கா லீவு போட்டுவிட்டு வந்தாள். சீட்டுகளைக் கழற்றிப் பழைய கம்பளத்தைத் துண்டு துண்டாக உரித்தார்கள். டிரைவர் பக்கத் துண்டு குதிகால் படும் இடத்தில் தேய்ந்திருந்தது. பக்கத்து சீட்டுத் துண்டும் வலது கால் படும் இடத்தில் ஓட்டையாகவே போயிருந்தது.

"இங்க மிதிக்க ஒண்ணுமே இல்லையே, எப்படித் தேஞ்சது?"

"எலி கடிச்சிருக்கும்டி."

"எலி ஷூ போட்டுக்கிட்டா வந்துச்சு? நல்லாப் பாருக்கா."

குண்டூசி காருக்குள் குப்புறப் படுத்துப் பழைய பசையைச் சுரண்ட ஆரம்பித்தாள். பழைய துண்டுகளை அச்சாக வைத்துப் புதுக் கம்பளத்தில் கோடு போட்டு வெட்டும் பொறுப்பை அக்கா ஏற்றுக்கொண்டாள். புதுக் கம்பளம் கருஞ்சிவப்பு. கடையில் அந்த நிறத்தில் இருந்த கடைசித் துண்டு அதுதான். கோடு தெரிவதற்காக அதைக் கவிழ்த்து, முதுகுப் பக்கம் மேலே வரும்படி விரித்திருந்தார்கள். பழைய துண்டுகளையும் அப்படியே கவிழ்த்து வைக்க வேண்டும். ஆனால் அக்கா அவற்றை பிரஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்து மினுக்கியிருந்தாள். அவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் செய்த முகத்தைக் கீழே வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. எல்லாவற்றையும் மல்லாக்க வைத்துக் கோடு போட்டாள். மூன்று தடவை அளந்தாள். நூல் பிசகாமல் வெட்டினாள்.

பசை தடவுவதற்கு முன் துண்டுகளைச் சும்மா பரப்பிப் பார்த்தார்கள். நடு மேட்டுத் துண்டு கச்சிதமாக உட்கார்ந்தது. டிரைவர் பக்கத் துண்டை வைத்தபோது குண்டூசி நின்றுவிட்டாள். அதைத் திருப்பினாள், கவிழ்த்தாள், மறுபடி திருப்பினாள். காலால் அமுக்கி முன்விளக்கின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் பொத்தானுக்கான துளை, எலுமிச்சம்பழ அளவில், வரக்கூடாத மூலையில் வந்திருந்தது.

"அக்கா, துண்டை எப்படி வெச்சு வரைஞ்சே?"

"மல்லாக்க. ஏன்?"

சொல்லும்போதே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலமாக மாறிப்போயிருந்தது, காரின் தரை முழுவதும். பஸ்காரியும் மாடிவீட்டுக்காரரும் வரிசையாக வந்து எதிரே நிற்பது போல அவளுக்குத் தோன்றியது.

"உன் ஷெட்டை நானே கத்தரிக்கோலால வெட்டிட்டேனேடி!"

குண்டூசியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அக்கா ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள். அவள் ஊசியைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தப்பைக்கூட அளந்து பண்ணியிருக்கே பாரு! ஒரு நூல் பிசகலக்கா! அப்போ இந்தப் பக்கத்துது அந்தப் பக்கம் சேரணுமே?"

இரண்டையும் மாற்றிப் போட்டாள். அச்சில் வார்த்தது போலப் பொருந்தின. கதவோரத் துண்டுகளையும் மாற்றினாள், அவையும் அடங்கின. டிரைவர் பக்கத்தில் புதிதாக ஒரு துளை வெட்டியாகிவிட்டது. பக்கத்து சீட்டின் காலடியில் மட்டும் அந்த வேண்டாத துளை, பல் போன வாய் மாதிரி இளித்துக்கொண்டிருந்தது.

டிரைவரின் குதிகால் படும் இடம் தேயாமலிருக்கத் தைத்த தோலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அக்கா அதில் சதுரமாக ஒரு துண்டு வெட்டி, துளையை மூடி, விரல் சிவக்கச் சிவக்கக் கையாலேயே சுற்றித் தைத்தாள்.

"டிசைன்னு சொல்லிடலாம்."

"வேண்டாம்க்கா. உள்ளதைச் சொல்லிடுவோம்."

சரியாக நாலு மணிக்கு டாக்டரும் மனைவியும் வந்தார்கள். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். "சார், ஒரு தப்பு நடந்துபோச்சு..." என்று குண்டூசி ஆரம்பிப்பதற்குள் டாக்டரின் மனைவி உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார். அவருடைய வலது கால், யாரும் சொல்லாமலே, நேராகப் போய் அந்தத் தோல் சதுரத்தின் மேல் உட்கார்ந்தது.

"என்னங்க! எனக்கும் பிரேக் வெச்சிருக்காங்க!"

"எது?"

"முப்பது வருஷமா நீங்க ஓட்டுற ஓட்டத்துக்கு நான் வெறுந்தரையை மிதிச்சு மிதிச்சே கால் மரத்துப்போச்சு. இந்தப் பொண்ணுக்குத்தான் என் கஷ்டம் தெரிஞ்சிருக்கு!"

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷூ போட்ட எலி அகப்பட்டுவிட்டது.

"இல்லம்மா, அது தப்பா விழுந்த துளை. அதை மூடத்தான்..." என்று குண்டூசி முழுவதையும் சொல்லி முடித்தாள்.

"இருக்கட்டும்மா. யாராவது இதைப் பிரிச்சா, அப்புறம் நான் இந்தக் கார்ல ஏற மாட்டேன்."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. தெருமுனையில் திரும்பும்போது அதன் பின்விளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

"பாத்தியாடி, அந்தம்மா மிதிச்சுட்டாங்க!" என்று அக்கா துள்ளினாள்.

குண்டூசி வாய்விட்டுச் சிரித்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக நாலு ஊசியும் சிதறின. அக்கா உடனே மண்டியிட்டுத் தேட ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

நாலாவது ஊசி, ஷெட் சாவியை நீட்டிக்கொண்டு நின்ற மேஸ்திரியின் செருப்பில் குத்தி நின்றது.