மண்டியிட விட்ட நாள்

விழுப்புரத்தில் பேறுகாலச் செவிலியர் பயிற்சியை முடித்துவிட்டுத் திண்டிவனம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரமே லேபர் ரூமுக்குள் ஒரு ரப்பர் பாயைத் தூக்கிக்கொண்டு போனேன். வலி வந்தவள் மல்லாந்துதான் கிடக்க வேண்டுமா? குந்தட்டும், மண்டியிடட்டும், ஒருக்களித்துப் படுக்கட்டும். படித்ததெல்லாம் நாக்கு நுனியில் நின்றது.

மூத்த சிஸ்டர் பாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, ஜிம் வெக்கப் போறியா?"

இன்னொரு சிஸ்டருக்கு ஒருக்களித்துப் படுப்பதில் மட்டும் சம்மதம். "தையல் கம்மியாதான் விழுது. ஆனா அவ கீழ குந்திக்கினு பெத்தா நானும்ல குந்தணும்? அப்புறம் என் முட்டி வலிக்கு என்னைத் தூக்க ரெண்டு பேரு வேணும்."

மூத்தவர் சிரிக்கவில்லை. "முட்டி கெடக்குது, விடு. புள்ளையோட துடிப்பைக் கேட்டுக்கினே இருக்கணும். அவ திரும்பிக்கினே இருந்தா நீ எங்கேன்னு கேப்பே?"

"நாம குனிஞ்சா கேக்குங்க, சிஸ்டர்."

"ஒண்ணு ஆச்சுன்னா வெளிய நிக்கிறவங்க உன்னைக் கேக்க மாட்டாங்க. என்னைத்தான் கேப்பாங்க."

பாய் அலமாரிக்கு மேலே போனது. நான் விடவில்லை. டீ குடிக்கும்போதும் பேசினேன், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் பேசினேன். என்னைக் கண்டாலே இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும் அளவுக்குப் பேசினேன்.

மழை பிடித்த ஒரு நாள், மரக்காணம் பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து ஒருத்தி தன் அம்மாவோடு வந்தாள். தலைப்பிரசவம், மாதம் நிறைந்திருந்தது. காலையிலிருந்து அசைவில்லை என்றாள். துடிப்பு கேட்கும் கருவியை அவள் வயிற்றில் வைத்து நகர்த்திக்கொண்டே இருந்தேன். பிறகு டாக்டர் ஸ்கேன் பார்த்துச் சொன்னார். துடிப்பு நின்றுவிட்டது.

அவள் அழாமல் கேட்டாள்: "அப்ப வலி வராதா?"

வராமல் எப்படி? மருந்து கொடுத்து வரவழைத்தோம்.

மறுநாள் வலி முற்றியதும் அவளால் படுக்க முடியவில்லை. டேபிளைவிட்டு இறங்கி அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மடங்கினாள். அந்த இடத்தில் ஓர் அதட்டல் விழுவதுதான் வழக்கம். மூத்த சிஸ்டர் அவள் முதுகைத் தடவினார்.

"உனக்கு எப்டி தோதோ அப்டியே இரும்மா." பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பாயை எடு" என்றார்.

அத்தனை நாள் நான் கேட்ட அனுமதி. பாயை விரித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது, அது ஏன் இன்றைக்குக் கிடைத்தது என்று. கேட்டுக்கொண்டே இருக்க இன்று துடிப்பு இல்லை. வெளியே நிற்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதையும் சொல்லியாகிவிட்டது.

அவள் மண்டியிட்டு அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். முட்டி வலிக்காரச் சிஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து, அவள் இடுப்பைக் கையால் அழுத்திக்கொடுத்தார். முக்கு, முக்கு என்று யாரும் விரட்டவில்லை. உடம்பு கேட்டபோது முக்கினாள். நான் படித்தது ஒன்றுகூடப் பிசகவில்லை. ஒரு தையல்கூடத் தேவைப்படவில்லை. பெண் குழந்தை என் கையில் இறங்கியது. பழக்கத்தில் என் விரல்கள் அதை அழவைக்க முதுகைத் தேய்க்கப் போயின. நிறுத்திக்கொண்டேன்.

"சூடா இருக்குதே, சிஸ்டர்," என்றார் அவள் அம்மா.

"உள்ள இருந்த சூடுங்கம்மா," என்றேன்.

துணியில் சுற்றி அவளிடம் கொடுத்தோம். அவள் வெகுநேரம் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூத்த சிஸ்டரைக் கேட்டாள்:

"அடுத்த வாட்டியும் என்னை இப்டியே விடுவீங்களா?"

நான் சிஸ்டரின் முகத்தையே பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை.

"அப்ப உள்ள துடிப்பு இருக்கும் கண்ணு. எனக்கு பயமா இருக்கும்."

அவள் தலையாட்டினாள். குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"துடிப்பு இருந்தா போதுங்க, சிஸ்டர். நான் மல்லாந்தே படுத்துக்கிறேன்."