பழக்கூடை டைல்ஸ்

என் உம்மாவை அவருடைய சொந்தக் குசினியிலிருந்து வெளியேற்றியவர் நீங்கள்தான், மாமா. ராத்தாவின், என் அக்காவின், மாமனார் என்பதால் உங்களை நானும் மாமா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அந்த மரியாதை இருக்கட்டும். சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

ராத்தாவுக்குக் கல்யாணம் பேச வந்த அன்று நீங்கள் எங்கள் குசினிக்குள், அடுப்பு வரைக்கும் நடந்து வந்தீர்கள். புகை படிந்த சுவரில் சுட்டுவிரலை இழுத்து, கரியான விரலை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினீர்கள்.

“எங்கட மகன் வந்து இரிக்கப்போற வீடு. குசினிக்கு டைல்ஸ் அடிக்காம எப்பிடி?”

வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். உம்மா ஓடிப்போய் உங்களுக்குக் கை துடைக்கத் துணி எடுத்து வந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அந்த வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், பெற்றவர்கள் பின்வளவுக்கு ஒதுங்குவார்கள். எட்டு வயதில் எனக்கு இது தெரியாது. நீங்கள் நல்ல மனிதர் என்று நினைத்தேன். உம்மா எத்தனையோ காலமாக ஆசைப்பட்ட டைல்ஸை ஒரே சொல்லில் வரவைத்துவிட்டீர்களே!

கல்முனைக் கடைக்கு உம்மா, ராத்தா, நான் மூவரும் போனோம். உம்மா நேரே போய் ஒரு வெள்ளை டைல்ஸுக்கு முன்னால் நின்றார். அதில் ஒரு பழக்கூடை வரைந்திருந்தது. கூடைக்கு வெளியே ஒரு முந்திரிகைக் குலை, திராட்சைக் குலை, தொங்கியது. பிடுங்கலாமா என்று பார்க்கிறவர் போல உம்மா அதைத் தடவினார்.

“இது பழைய டிசைன், உம்மா. இப்ப ஆரும் இத அடிக்கிறல்ல,” என்றா ராத்தா.

“ஓம் ஓம், உனக்கு விருப்பமானத எடு மகள். நான் சும்மாதான் பார்த்தன்.”

ராத்தா சாம்பல் நிறத்தைத் தெரிவு செய்தா.

“இதுக்குப் பழைய சுவரே போதுமே! அதுவும் இந்தக் கலர்தானே,” என்றேன்.

கடைக்காரர் சிரித்துச் சிரித்து, மூலை உடைந்த பழக்கூடை டைல்ஸ் ஒன்றை எடுத்து உம்மாவின் பையில் வைத்தார். வீடு வரும் வரைக்கும் உம்மா அந்தப் பையை மடியை விட்டு இறக்கவில்லை.

டைல்ஸ் அடிக்கிற மேசன் பாஸ் வந்ததும் முதலில் அடுப்பு மேடையின் உயரத்தைக் கேட்டார். அதற்கு மேலேதான் டைல்ஸ் தொடங்கும். உம்மா ராத்தாவைக் கூப்பிட்டுச் சுவரோடு நிறுத்தி, இடுப்பளவுக்குக் கரித்துண்டால் கோடு கீறினார். ராத்தா வாப்பாவைப் போல நெட்டை. உம்மா அவவின் தோளுக்கும் வரமாட்டார்.

நான் கத்தினேன். “பாஸ், பிழை! உம்மாக்கு எட்டாது. சட்டிக்குள்ள பார்க்க ஏணி வெக்கணும்!”

பாஸ் சிரித்தபடி உம்மாவைப் பார்த்தார். “புள்ள சொல்றது சரிதானே?”

“கோட்ட மாத்தாதீங்க பாஸ்,” என்றார் உம்மா. சிரிக்கவில்லை.

கல்யாணம் முடிந்தது. மச்சான் நல்லவர், அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு காலையில் பார்த்தால், உம்மா பின்வளவுத் தகரக் கொட்டிலில் குந்தியிருந்து அடுப்பு ஊதுகிறார். புதுக் குசினியை விட்டுவிட்டு இங்கே ஏன் என்று கேட்டேன்.

“அது ராத்தாட குசினி, மகள்.”

டைல்ஸ் வேலையில் மிஞ்சிய சீமெந்தை அன்று நான் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். பழக்கூடையை அடுப்புக்குப் பின்னாலிருந்த அரைச்சுவரில் இருவருமாக ஒட்டினோம். உடைந்த மூலையை உம்மா மண் வைத்து மூடினார். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கொட்டிலுக்கே வெளிச்சம் வந்தது. பிறகு உம்மா என்னைத் தகரத்தோடு சாய்த்து நிறுத்தி, என் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“நீயும் வளர்ந்திட்டுத்தான் வாறாய்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. குதிக்காலைத் தூக்கி இன்னும் நெட்டையாகக் காட்டினேன். உம்மா என் தலையை மெதுவாகக் கீழே அமர்த்தினார்.

“அவசரப்படாத கா, மகள்.”

விளையாட்டு என்று நினைத்து நான் மறுபடியும் எம்பினேன். எனக்காகவும் ஒரு குசினி கட்டி, என் இடுப்பளவுக்குக் கோடு கீறி, அதையும் விட்டு அவர் வெளியே வர வேண்டும் என்பது அந்தச் சின்ன மண்டைக்குள் ஏறவில்லை.

உம்மா இன்றைக்கும் அந்தக் கொட்டிலில்தான் சமைக்கிறார். நீங்கள் இப்போது பள்ளிவாசல் நிருவாகத்தில் இருக்கிறீர்கள். போன வெள்ளிக்கிழமை ஊருக்கே கேட்க மைக்கைப் பிடித்து, சீதனம் கேட்பது கூடாது என்று பேசினீர்கள். நல்ல பேச்சு. உம்மா அகப்பையைக் கையில் பிடித்தபடியே முழுவதையும் கேட்டார். பழக்கூடையில் தெறித்திருந்த மீன் ஆணத்தைத் துடைத்தார், அவ்வளவுதான்.

அவர் கேட்கமாட்டார். நான் கேட்கிறேன். நீங்கள் விரல் இழுத்த அந்தச் சுவர் யாருடையது, மாமா? வருகிற வெள்ளிக்கிழமை, அதே மைக்கில், கொட்டில் வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.